90 லட்சம் ரூபாய்க்கு ஒரு பெயர்! செல்போன் முகவரியில் பணம் போடலாமா?

திருவள்ளூரை ஒட்டி உள்ள ஊர், காக்களூர்.

ஆவின் பால் பண்ணை இருப்பது இங்கேதான். "சிட்கோ" தொழிற்பேட்டையும் இங்கே உண்டு. சிறு தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நிறைந்த இடம் அது.

இங்கே ஒருவர் லேத் பட்டறை நடத்துகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு ஒரு போன் வருகிறது.

"சார்! உங்கள் பட்டறையின் பெயரில் 'டாட் மொபி' முகவரி ஒன்று இருக்கிறது. செல்போனுக்கு என்றே ஏற்பட்ட முகவரி. இன்றைக்கு வாங்கிப் போடுங்கள். நாளைக்குப் பத்து மடங்கு விலைக்குப் போகும்!" என்கிறார், பேசுகிறவர்.

வாங்கலாமா? வேண்டாமா?

இதற்குப் பதில் சொல்ல, ஒரு பூவின் கதையைக் கேட்க வேண்டும்.

பெயருக்கு ஒரு வால்

வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது. அதுபோல, இன்டர்நெட்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முகவரி உண்டு. இதை "டொமைன் பெயர்" என்பார்கள்.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருக்கும். "டாட் காம்" என்பது ஒரு வால். "டாட் இன்" என்பது இந்தியாவின் வால்.

"டாட் மொபி" என்பது செல்போனுக்காக ஏற்பட்ட வால்.

அது ஏன் ஏற்பட்டது?

2005, 2006-ம் ஆண்டுகளில் செல்போனின் திரை தீப்பெட்டி அளவுதான் இருந்தது. கம்ப்யூட்டருக்காகச் செய்த பக்கத்தை அதில் திறந்தால், பாதி தெரியும், பாதி தெரியாது. படம் வந்து சேர்வதற்குள் பொறுமை போய்விடும். காசும் கரையும்.

"போனில் ஒழுங்காகத் தெரியும் பக்கங்களுக்குத் தனி அடையாளம் கொடுப்போம்" என்று பெரிய கம்பெனிகள் சேர்ந்து முடிவு செய்தன. கூகுள், மைக்ரோசாப்ட், நோக்கியா, சாம்சங், எரிக்சன், வோடபோன் எல்லாம் அதில் இருந்தன. இதற்காக அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் ஒரு கம்பெனி ஏற்பட்டது.

2006 செப்டம்பரில் டாட் மொபி பெயர்கள் பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டன.

இத்தனை பெரிய கம்பெனிகள் பின்னால் நின்றால், யாருக்குத்தான் ஆசை வராது? வியாபாரிகள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

பூவின் விலை

2006 அக்டோபரில் அமெரிக்காவில் ஓர் ஏலம் நடந்தது. "பிளவர்ஸ் டாட் மொபி" என்ற பெயர் ஏலத்துக்கு வந்தது. பிளவர்ஸ் என்றால் பூக்கள்.

அது எவ்வளவுக்குப் போயிற்று தெரியுமா? 2 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 90 லட்சம் ரூபாய்!

வாங்கியவர் ரிக் ஸ்வார்ட்ஸ். அவர் ஏமாளி அல்ல. இந்தத் தொழிலில் கை தேர்ந்தவர். 1997-ல் 15 ஆயிரம் டாலருக்கு வாங்கிய ஒரு டாட் காம் பெயரைப் பின்னால் 13 லட்சம் டாலருக்கு விற்றவர்.

அவர் கணக்கு எளிமையானது. "நாளைக்கு எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும். போனிலேயே பூ வாங்குவார்கள். அப்போது இந்தப் பெயர் தங்கம்" என்பதுதான்.

சில ஆண்டுகள் கழிந்தன. எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. போனிலேயே பூவும் வாங்கினார்கள்.

ஆனால் அவர் அந்தப் பெயரை விற்றபோது கிடைத்தது 6,500 டாலர்தான்! போட்ட பணத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் திரும்பி வந்தது.

கணக்கு எங்கே தவறியது?

2007 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி ஐபோனை அறிவித்தது. சாதாரண இன்டர்நெட் பக்கங்களை முழுதாகக் காட்டியது, அந்தப் போன். விரலால் தொட்டுப் பெரிதாக்கிப் படிக்கலாம். தனியாகச் செய்த சின்னப் பக்கம் தேவைப்படவில்லை.

2010-ல் இன்னொரு மாற்றம். ஈதன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு முறையை எழுதினார். பக்கம் ஒன்றுதான். பெரிய திரை என்றால் விரியும். சின்னத் திரை என்றால் சுருங்கும். தண்ணீரை எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அந்த வடிவம் எடுப்பதைப் போல!

டாட் மொபியை நடத்திய டப்ளின் கம்பெனியும் அதே 2010-ல் அபிலியாஸ் என்ற வேறு கம்பெனியின் கைக்குப் போயிற்று.

2015-ல் கூகுள், போனில் சரியாகத் தெரியும் பக்கங்களுக்குத் தேடலில் முன்னிடம் கொடுத்தது. அதற்காக அது முகவரியின் வாலைப் பார்க்கவில்லை. பக்கம் சரியாகத் தெரிகிறதா என்றுதான் பார்த்தது.

நம் நாட்டிலும் 2016-ல் ஜியோ வந்த பிறகு, பட்டிதொட்டி எல்லாம் போனிலேயே இன்டர்நெட் பார்க்கத் தொடங்கினார்கள்.

எல்லாப் பக்கமும் போனில் தெரிகிறது என்றால், "இது போனில் தெரியும்" என்ற அடையாளம் எதற்கு? ஊரில் எல்லா வீட்டுக்கும் மின்சாரம் வந்த பிறகு, "இது மின்விளக்கு உள்ள வீடு" என்று வாசலில் பலகை மாட்டுவார் உண்டா?

செல்போன் வெற்றி பெற்றது. அதனாலேயே செல்போன் முகவரி தோற்றது!

டாட் மொபி இன்றும் இருக்கிறது. ஆனால் வாங்கிப் போட்டு லாபம் பார்க்கும் சரக்கு அல்ல, அது.

இது நிலம் அல்ல!

"மனை வாங்கிப் போட்டால் விலை ஏறவில்லையா? அதுபோலத்தானே இதுவும்?" என்று சிலர் கேட்பார்கள்.

இல்லை. மனை வாங்கினால் பத்திரம் உண்டு. பேரன் காலத்திலும் அது இருக்கும். முகவரியோ குத்தகை மாதிரி. ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் போயிற்று! வேறு யாரும் எடுத்துக் கொள்ளலாம்.

டாட் மொபிக்கே இது நடந்தது!

டாட் மொபி பெயர்களின் விவரம் சொல்லும் பழைய முகவரி ஒன்று இருந்தது. அது வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. பழைய முகவரியை 2023 டிசம்பரில் யாரும் புதுப்பிக்கவில்லை.

2024-ல் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் சிலர் அதை 20 டாலருக்கு வாங்கினார்கள். சுமார் 1,700 ரூபாய்! சில நாட்களிலேயே 1 லட்சத்து 35 ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அந்தப் பழைய முகவரியில் வந்து விவரம் கேட்டன. கெட்டவர்கள் கையில் அது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பட்டறைக்காரர் என்ன செய்யலாம்?

காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கு முகவரியே வேண்டாம் என்பது அல்ல. வெளியூர் வியாபாரி முதலில் போனில்தான் தேடுகிறார். நல்ல முகவரி இருந்தால் நம்பிக்கை வரும்.

டாட் இன் அல்லது டாட் காம் போதும். தமிழிலேயே "டாட் இந்தியா" என்ற வாலும் உண்டு. பெயர் சின்னதாக இருக்கட்டும். வாயால் சொன்னால் எழுத வர வேண்டும். பக்கம் போனில் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும்.

முகவரியை முதலாளியின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். பக்கம் செய்து கொடுக்கும் பையன் தன் பெயரில் பதிவு செய்துவிட்டு ஊரை விட்டுப் போனால், முகவரியும் போய்விடும்!

புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

"உங்கள் பெயரை வேறொருவர் வாங்கப் போகிறார். உடனே பணம் அனுப்புங்கள்" என்று கடிதம் வந்தால், பயப்பட வேண்டாம். ஏமாற்றுக்காரர்கள் உலகம் எங்கும் வீசும் வலை, அது.

பிறர் பெயரைத் தன் பெயர்போல வைத்துக் கொள்ளவும் முடியாது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்போவே கம்பெனி, தன் "சிஃபி" பெயரைப்போல இன்னொரு கம்பெனி பெயர் வைத்துக் கொண்டது என்று வழக்குப் போட்டது. வணிகச் சின்னத்துக்கு உள்ள பாதுகாப்பு இன்டர்நெட் பெயருக்கும் உண்டு என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

பெயரை உண்டாக்குவது வால் அல்ல, வேலை. சொன்ன நாளில் சரக்கைக் கொடுக்கும் பட்டறையை, எந்த வால் இருந்தாலும் தேடி வருவார்கள்.

கையில் மிச்சப் பணம் இருந்தால், அதை லேத்துக்குப் போடலாம். பூவின் பெயருக்குப் போட வேண்டாம்!