படம் பிடிக்கும் உபாத்தியாயர்

பாடப் புத்தகத்தில் அச்சான ஒரு படத்தைக் காட்டிப் பாடம் சொல்வதும், மாணவன் அன்று காலையில் கடந்து வந்த ஆற்றங்கரையையே படம் பிடித்து வந்து காட்டிப் பாடம் சொல்வதும் ஒன்றல்ல. மொராவிய தேசத்துக் கல்விமானாகிய கொமேனியஸ் 1658-இல் பாலர்களுக்கென்று படங்களோடு கூடிய பாட நூலை வெளியிட்ட காலந்தொட்டே, கண்ணால் கண்டு கற்பதன் மேன்மையை அறிஞர்கள் எடுத்துச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆயினும் அப்படங்களை எங்கோ இருக்கும் ஓவியர் ஒருவர் எழுத வேண்டியிருந்ததே தவிர, பாடம் சொல்லும் உபாத்தியாயரே தம் ஊரைத் தம் கையால் படமாக்கிக் காட்டும் சௌகரியம் நம் காலத்தில்தான் கிட்டியது. பிலிம் சுருளின் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். அவற்றைக் கழுவி அச்சிடத் தனிச் செலவு. ஆகவே, மலேசியத் தோட்டப் பள்ளிகளில் புகைப்படம் என்பது பெரும்பாலும் தலைமையாசிரியரை நடுவில் உட்காரவைத்து ஆண்டுக்கொரு முறை எடுக்கும் படத்தோடு முடிந்துபோயிற்று.

அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் அமைத்த முதல் டிஜிட்டல் கேமரா ஏறக்குறைய 3.6 கிலோ எடையுள்ளது. ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. நீளத்தில் 100, அகலத்தில் 100 என்று 10,000 புள்ளிகளே அந்தப் படத்தில் அடக்கம். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் சாதாரணக் கைப்பேசியோ 120 லட்சம் புள்ளிகளைக் கண்ணிமைப்பதற்குள் பதிந்துகொள்கிறது. ஒன்று மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்று நான்காம் ஆண்டு மாணவனைக் கேட்டால் அதுவே ஒரு கணிதப் பாடம்.

கோல சிலாங்கூர் நகரத்துக்கு எதிர்க்கரையில், சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே இருக்கிறது பாசிர் பெனம்பாங் என்னும் மீனவக் கிராமம். அங்கே படகுத் துறையில் நட்டிருக்கும் ஒரு மரக்காலை, நின்ற இடம் மாறாமல், வெள்ளம் ஏறிய வேளையில் ஒரு படமும் வற்றிய வேளையில் ஒரு படமுமாக எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மரக்காலில் ஒட்டிய சேற்றின் கறை எதுவரை ஏறியிருக்கிறது, படகு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பிள்ளைகளே அளந்து சொல்லுவார்கள். சந்திரனின் ஆகர்ஷணத்தைப் பற்றி உபாத்தியாயர் அதன் பிறகு பேசத் தொடங்கினால் போதும்.

ஆற்றில் மேலே சென்றால் உலகப் பிரசித்தி பெற்ற கம்போங் குவாந்தான் மின்மினிகள். இருள் கவிந்ததும், கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் கூடியிருக்கும் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைவதைக் காணப் பல தேசத்தார் வருகிறார்கள். இங்கே கேமரா ஒரு விசித்திரம் செய்கிறது. ஒளி மிகச் சொற்பமாதலால் அதன் கண்ணைப் பல விநாடிகள் திறந்தே வைக்க வேண்டும். அதற்குள் பூச்சிகள் பலமுறை மின்னிவிடுவதால், மரம் முழுதும் ஓயாமல் எரிந்துகொண்டிருந்ததைப் போலப் படம் வருகிறதேயன்றி, அத்தாளத்தின் சுவடே அதில் இல்லை. கண் கண்டதும் கருவி கண்டதும் ஏன் வேறுபட்டன என்ற கேள்வி எழுந்துவிட்டால் விஞ்ஞான வகுப்பு நிறைந்துவிட்டதென்றே சொல்லுவேன். அதே மரத்தைச் சலனப் படமாக எடுத்துக் காட்டினால், விடுபட்ட தாளம் திரும்பக் கிடைக்கும். பூச்சியை வெருட்டும் பிளாஷ் விளக்கை அங்கே போடக்கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். மின்மினியின் புழுக்கள் கரையோரத்து ஈர நிலத்து நத்தைகளைத் தின்று வளர்கின்றனவாதலால், பகலில் அந்த நத்தையையும் ஒரு படம் எடுத்து வந்தால் மரம், சேறு, நத்தை, பூச்சி என்ற உறவு முழுமை பெறும்.

தோட்டங்களின் கதை வேறு. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் விதித்ததன் பயனாகப் பெருகியவை இந்தப் பள்ளிகள். பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரராகிய ஹென்றி ஃபொக்கோனியே 1917-இல் நட்ட செம்பனைதான் இந்நாட்டில் வியாபார நோக்கோடு பயிரிட்ட முதல் செம்பனை. அது பெருகப் பெருகப் பால்மரம் அருகிற்று. இன்று அவ்வட்டாரத்துப் பிள்ளைகளில் பலருக்குப் பால் வெட்டும் உளியும் பால் ஏந்தும் மங்கும் பாட்டியின் பேச்சில் வரும் பொருள்களே. வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் உளியைப் பேரன் படமெடுத்து, அதைப் பிடிக்கும் விதத்தைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வரும்படி செய்தால், எந்த வரலாற்று நூலும் தராத ஒரு பக்கம் வகுப்புக்குக் கிடைக்கிறது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசிக் கேமராவை விரும்பாத ஆசிரியர்களும் அதன் கையில் அகப்பட்டார்கள். பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்கள் படங்களாகிப் புலனத்தின் வழியே வந்து குவிந்தன. பாதிப் பக்கத்தில் கட்டைவிரலின் நிழல். மீதிப் பக்கம் மங்கல். வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விட்டால் பாடம் இரவில்தான் வந்து சேரும். அவசர காலத்து ஏற்பாடு அது. விடையைத் திருத்தப் படம் உதவியதே தவிர, பார்க்கக் கற்பிக்க உதவவில்லை. அப்பழக்கத்தோடு நின்றுவிடுவது இச்சாதனத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆசிரியரின் கைப்பேசி ஒன்றே போதும். எடுத்த படங்களின் கீழே ஊர், தேதி, பொருளின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி வெளியே அனுப்பாதீர்கள். எல்லாவற்றையும் அச்சிட்டுப் பள்ளி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். கைப்பேசி கெட்டுப்போனால் அதிலுள்ள படங்களும் அதனோடு போய்விடும்.