வேண்டாம் எனும் ஒரு சொல்

திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். பத்துக் குறளுக்கும் பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு யாவும் கூறி, வினாக் கொடுத்து விடை திருத்துவதோடு என் கடமை நிறைவெய்தியதென்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைக் குலைத்தான், பல்கலைக்கழக விடுமுறையில் என்னைக் காணவந்த பழைய மாணவனொருவன்.

அவ்வதிகாரத்தைப் பிழையறச் சொல்வதில் வகுப்பில் அவனுக்கு நிகரில்லை. திண்ணையில் அமர்ந்து பலவும் பேசியபின், முதலாண்டிலேயே குடிக்கப் பழகிவிட்டதாகத் தலைகவிழ்ந்து சொன்னான்.

"குறள் நினைவுக்கு வரவில்லையா?" என்றேன்.

"வந்தது ஐயா, வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை" என்றான்.

விடுதி அறையிலே பகிடிவதையின் பெயராலோ தோழமையின் பெயராலோ கிண்ணம் நீட்டப்படுகின்றது. முதல் மிடறு எவர்க்கும் இனிப்பதில்லை. கூட்டத்தில் தனித்துவிடுவோமோ என்னும் அச்சமே அதனை விழுங்கச் செய்கின்றது. பின்னர், பரீட்சை முடிந்தால் ஒருநாள், பெறுபேறு வந்தால் ஒருநாள், ஆட்டத்தில் வென்றாலும் தோற்றாலும் ஒருநாள் எனக் காரணங்கள் பெருகுகின்றன.

சட்டம் இல்லாமலில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதோர்க்கு மதுசாரம் விற்பதைத் தடுத்தது. ஆயினும் கடையில் வாங்குவோன் ஒருவன். அறையில் அருந்துவோர் பலர்.

தேசிக்காய்ச் சாறும் கோப்பியும் வெறியைத் தெளிவிக்கும் என்பது விடுதியார் நம்பிக்கை. ஈரலோ தன் கதியிலேயே தொழிற்படும்; எதுவும் அதனை விரைவுபடுத்தாது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற மதுசார அளவு என ஒன்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவுறுத்தியுள்ளது.

சங்கப் புலவரும் உண்டனரே என வாதிடும் தமிழ் மாணவரும் உளர். மெய்யே. அதியமான் தமக்குக் கள் ஈந்ததை ஔவையார் புறநானூற்றிற் பாடியுள்ளார். அதனை மறைத்தல் புலமைக்கு அழகன்று. ஆனால் ஆங்கே ஈந்தது அன்பு. ஈண்டு ஏளனத்துக்கு அஞ்சி ஏற்பதோ அடிமைத்தனம்.

"மறுபடி கிண்ணம் நீண்டால், என் வாத்தியாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்" எனக் கூறி அவனை அனுப்பினேன். அடுத்த விடுமுறையில் வந்தவன், இருமுறை தவறியதையும் பலமுறை மறுத்ததையும் ஒளியாது உரைத்தான். அவன் மறுத்த ஓரிரவில் இன்னொருவனும் கிண்ணத்தைக் கீழே வைத்தானாம். அவனும் யாரேனும் முதலிற் சொல்லட்டுமென்றே காத்திருந்தான் போலும்.

இப்பொழுது அவ்வதிகாரம் கற்பிக்கும் நாளில், பொருள் கூறியபின் ஒவ்வொரு மாணவனையும் எழுப்பி, கிண்ணம் நீட்டுவோனுக்குத் தன் சொல்லில் மறுமொழி சொல்லச் செய்கின்றேன். முதலிற் சிரிப்பார்கள், பின்னர் குரல் உறுதிப்படும். ஆசிரிய நண்பர்களும் இதனைச் செய்து பார்ப்பார்களாக. பரீட்சைத்தாளில் இவ்வினா வராது. விடுதியில் ஓரிரவு கட்டாயம் வரும்.