வெப்பத்தைச் சுமக்கும் பொறி

குளிரூட்டும் பொறி குளிரைப் படைக்கின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்துச்சென்று வெளியே இறக்கும் சுமையாளே அது.

சுமையாளின் வழியை மறிக்கலாமா? உட்பெட்டியின் வலையில் தூசி படிந்தால் காற்றோட்டம் குன்றும். கோடையில் இரு வாரத்திற்கொருமுறை அதனைக் கழற்றி, நீரில் அலசி, நிழலில் உலர்த்துக. வெளிப்பெட்டியைச் சுற்றிப் பழஞ்சாமான்களை அடுக்கற்க. சுமையையும் குறைத்திடுக: மேற்குச் சன்னலுக்குத் திரையிடுக; கதவிடுக்கை அடைத்திடுக.

விரைவிற் குளிருமென்று என் பேரன் 18 டிகிரியில் வைப்பான். அதனால் வேகம் கூடுவதில்லை. பொறி ஓயாது ஓடுவதே மிச்சம். 2020 சனவரி முதல், நட்சத்திரக் குறி பெற்ற அறைப் பொறிகள் 24 டிகிரியிலேயே தொடங்கவேண்டுமென்பது மத்திய அரசின் விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. உடன் மின்விசிறியும் சுழலட்டும்.

கத்திரி வெயிலில் முதியோர்க்குக் குளிர்ச்சி ஆடம்பரமன்று. கட்டணத்திற்கு அஞ்சிப் பொறியை நிறுத்திவிட்டு, என் மனையாள் உறங்காதிருந்த இரவுகளை நான் அறிவேன். நிறுத்துவது சிக்கனமன்று, பேணுவதே சிக்கனம்.