விழுங்கக் கூடாத கேப்சூல்

பெரம்பூர் மருந்துக்கடை ஒன்றில், நாட்பட்ட மூச்சடைப்பு நோயுள்ள முதியவர் ஒருவர் கேப்சூல்கள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்குச் சாதாரணக் கேப்சூல்தான். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டால்? மூச்சிரைப்பு தணியாது!

அதிலுள்ள சால்புட்டமால் மருந்து 200 மைக்ரோகிராம். விழுங்கும் மாத்திரையிலோ 4 மில்லிகிராம், அதாவது 20 மடங்கு. வயிற்றுக்குள் போனால் இந்தச் சிறு அளவு எந்த மூலைக்கு? நேரே மூச்சுக்குழாய்க்குப் போனால் இதுவே போதும். ஆகவே கேப்சூலைச் சிறு கருவியில் இட்டு, திருகித் திறந்து, தூளை வாயால் உள்ளிழுக்க வேண்டும். பலமாக, வேகமாக இழுக்க வேண்டும். தூளைப் பிரிப்பது நம் மூச்சின் விசைதான்.

பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்த மறு ஆண்டு, 1956-இல், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அழுத்திப் பீச்சும் இன்ஹேலருக்கோ முறை நேர்மாறு! அழுத்தியபடி மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் துளிகள் தொண்டையில் மோதி ஒட்டிக்கொள்ளும். சுமார் 5 மைக்ரானுக்குக் குறைந்தவையே ஆழத்துக்கு இறங்கும். பிறகு 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும்; அவை படிய நேரம் வேண்டுமல்லவா? ஸ்டீராய்டு மருந்தானால் வாய் கொப்பளிக்கவும் வேண்டும். இல்லையேல் வாயில் பூஞ்சை வளரலாம்.

மருத்துவர் இதையெல்லாம் சொல்லியிருந்தாலும், வீடு போவதற்குள் பாதி மறந்துவிடும். மருந்தைக் கையில் கொடுப்பவர் மருந்தாளுநர். நோயாளிக்கு விளக்கிச் சொல்வதை 2015-ஆம் ஆண்டின் இந்திய விதிமுறைகள் அவருடைய பணியில் சேர்த்துள்ளன. "எங்கே ஐயா, ஒரு முறை இழுத்துக் காட்டுங்கள்" என்று அவர் கேட்டால் பிழை உடனே தெரிந்துவிடும். இரைப்பை உடனே தணிக்கும் இன்ஹேலர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவதும் அவர் கண்ணில்தான் முதலில் படும். நோய் கட்டுக்குள் இல்லை என்பதற்கு அது அடையாளம். அப்போது இன்னொன்றை எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தாமல், மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்புவார்.