பாக்கெட்டில் பழைய காசு: லட்சம் கிடைக்குமா?

"வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் இருந்தா லட்சக்கணக்கில் பணம்"னு வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீங்க. என் கிளையன்ட் ஒருத்தர் இதை நம்பி, 'பதிவுக் கட்டணம்'னு 3,000 ரூபாய் அனுப்பி ஏமாந்துட்டார்.

பழசா இருந்தா மட்டும் காசுக்கு விலை ஏறாது. எத்தனை அச்சடிச்சாங்க, எவ்வளவு தேயாம இருக்கு, வாங்க ஆள் இருக்கா, இந்த மூணும்தான் கணக்கு.

சில்லறை கைக்கு வந்தா வருஷத்துக்குக் கீழே பாருங்க. பொதுவா வைரக் குறின்னா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, எதுவுமே இல்லேன்னா கொல்கத்தா. ஒரு வருஷம் ஒரு ஆலையில் கம்மியா அடிச்சிருந்தா, சேகரிக்கிறவங்க அதைத் தேடுவாங்க. பளபளன்னு ஆகட்டும்னு புளி போட்டுத் தேய்ச்சிடாதீங்க, மதிப்பு போயிடும்!

25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா இன்னும் செல்லும்.

பழைய காசு விற்பனைக்குத் தன் பேரைச் சொல்லி கட்டணமோ கமிஷனோ கேட்டா நம்பாதீங்கன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரிச்சிருக்கு. விக்கிறவர் நீங்க, பணம் உங்களுக்குத்தான் வரணும். முன்பணம் கேட்டா கட் பண்ணுங்க. ஏற்கெனவே அனுப்பிட்டீங்களா? உடனே 1930-க்கு போன் போடுங்க.