உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மனியில் குழந்தை பிறக்கப்போகும் வீட்டுக்கு ஒரு காலண்டர்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம்மவர் வீட்டிலிருந்து 'விசேஷம்' என்று சேதி வந்ததும் ஊரில் எழும் முதல் கேள்வி, "பிரசவம் அங்கேயா, இங்கேயா?" அங்கேதான் என்று முடிவாகிவிட்டால் உடனே ஒரு காலண்டரை எடுத்துவைப்பது நல்லது. அந்த நாடு பெற்றோருக்குத் தாராளமாகத் தருகிறது. ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு தேதியோடு கட்டித் தருகிறது. என் தங்கைக்கு மியூனிக்கில் பிள்ளை பிறந்தபோது கூட உட்கார்ந்து தெரிந்துகொண்டவை இவை.

◆ மருத்துவர் சொன்ன பிரசவத் தேதிக்கு முன் 6 வாரமும், பிறந்த பின் 8 வாரமும் தாய்க்கு விடுப்பு. முதல் 6 வாரம் அவளே விரும்பினால் வேலை பார்க்கலாம். பிந்தைய 8 வாரம் அவளே கேட்டாலும் வேலை கொடுக்கக் கூடாது, சட்டம் அப்படி. இரட்டைப் பிள்ளைகள், குறைமாதப் பிள்ளை என்றால் 12 வாரம். தேதிக்கு முந்திப் பிறந்துவிட்டால், முன்னால் விட்டுப்போன நாட்களும் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

◆ 2025 ஜூன் 1 முதல், 13-வது வாரத்திலிருந்து கரு கலைந்தாலும் தாய்க்கு இந்த விடுப்பு உண்டு: 2 வாரம், 17-வது வாரத்திலிருந்து 6, 20-வது வாரத்திலிருந்து 8. நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத துக்கம் இது. தெரிந்து வைத்திருங்கள்.

◆ 'எல்டர்ன்கெல்ட்' என்பது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்கும் பெற்றோருக்கு அரசு தரும் பணம். கைக்கு வந்துகொண்டிருந்த சம்பளத்தில் பெரும்பாலானோருக்கு 65 முதல் 67 சதவீதம். மாதம் 300 யூரோவுக்குக் குறையாது, 1,800-க்கு மேல் போகாது. பிறப்புக்கு முந்தைய 12 மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். (தாய்க்கு, பிரசவ விடுப்புக்கு முந்தைய 12 மாதம்.) புதிதாகப் போனவர்கள் அடிபடுவது இங்கேதான். சென்னையில் வாங்கிய சம்பளம் அந்தக் கணக்கில் வராது. போய் ஐந்து மாதம்தான் ஆகிறது என்றால் மீதி ஏழு மாதமும் பூஜ்யம்.

◆ கணவன் மனைவி இருவரும் வேலை பார்த்தால், சம்பளத்தில் வரி பிடிக்கும் வகுப்பை மாற்றித் தாயின் கைச்சம்பளத்தைக் கூட்டலாம், எல்டர்ன்கெல்டும் கூடும். ஆனால் பிரசவ விடுப்பு தொடங்குவதற்கு 7 மாதம் முன்பாவது மாற்றியிருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்: டெஸ்டில் இரண்டு கோடு தெரிந்த அதே நாட்கள்தான். யாருக்கும் சொல்வதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

◆ இந்தப் பணத்துக்கு மாதம் என்பது காலண்டர் மாதம் இல்லை, குழந்தையின் மாதம். மார்ச் 17-இல் பிறந்த பிள்ளைக்கு முதல் மாதம் ஏப்ரல் 16 வரை. அப்பா ஆபீஸில் வழக்கம்போல 'மே 1 முதல் 31 வரை' என்று லீவு எழுதிக்கொடுத்தால், அது பிள்ளையின் இரண்டாம் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் பாதிப் பாதியாக விழும். இரண்டிலும் சம்பளம் கலந்து, பணம் வெட்டுப்படும். என் தங்கை வீட்டில் சமையலறை மேஜையில் ஒரு தாளை விரித்து, பென்சிலால் 14 கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் '17–16' என்று எழுதி வைத்தோம். ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளே மெலிந்துவிட்டது.

◆ அந்தக் கட்டங்கள் ஏன் 14? ஒருவருக்கு அதிகபட்சம் 12 மாதம். மற்றவரும் குறைந்தது 2 மாதம் எடுத்தால் மொத்தம் 14. அப்பா எடுக்காவிட்டால் அந்த இரண்டும் யாருக்கும் இல்லை. 2024 ஏப்ரல் முதல் இன்னொரு விதி: முதல் 12 மாதத்துக்குள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரு மாதம்தான் முழுத்தொகை வாங்கலாம் (இரட்டையர், குறைமாதப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு).

அந்த ஒரு மாதத்தை எங்கே வைப்பது? பலரும் பிறந்த உடனே எடுத்துவிடுகிறார்கள். அப்போதுதான் ஊரிலிருந்து அம்மா வந்திருப்பார். பத்தியச் சமையல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர் கையில். அவருடைய ஷெங்கன் விசா எந்த 180 நாளிலும் 90 நாள்தான். மார்ச் 2-இல் வந்தவர் மே 30-இல் கிளம்பியாக வேண்டும். அவர் பெட்டி கட்டியதும் வீடு திடீரென்று காலியாகும். இளம் தாய் தனியாகத் திணறுவது அப்போதுதான். ஆகவே மே 17 முதல் ஜூன் 16 வரை அப்பாவுக்கு வையுங்கள். பாட்டி இருக்கும்போதே இரண்டு வாரம் கைப்பக்குவம் பழகிக்கொண்டு, பிறகு அப்பாவே பொறுப்பேற்கலாம்.

அப்பாவுக்கு இன்னொரு மாதம், 13-வது. ஒரு வயது முடிந்ததும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்பது 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உரிமை. ஆனால் முதல் சில வாரம் பெற்றோர் ஒருவர் கூடவே போய் உட்கார்ந்து பழக்க வேண்டும். அம்மா வேலைக்குத் திரும்பிவிட்ட அந்த வாரங்களுக்கு அப்பாதான் சரி.

◆ விடுப்பு வேறு, பணம் வேறு. 'எல்டர்ன்ட்சைட்' எனும் விடுப்பு ஒவ்வொருவருக்கும் 3 வருடம் வரை. 7 வாரம் முன்பே கம்பெனிக்கு எழுத வேண்டும். 2025 மே 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு ஈமெயிலே போதும். ஆனால் வேலைநீக்கத்திலிருந்து அப்பாவுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, விடுப்புக்கு 8 வாரம் முன்புதான் தொடங்கும். ஆகவே 8-வது வாரத்துக்கும் 7-வது வாரத்துக்கும் நடுவில் அனுப்புங்கள்.

◆ எல்டர்ன்கெல்ட் விண்ணப்பம் தாமதமானால் பின்தேதிக்கு 3 மாதம்தான் தருவார்கள். குழந்தைக்காக அரசு மாதாமாதம் தரும் குழந்தைப்படிக்கு 6 மாதம். இந்தப் படி 2026 ஜனவரி முதல் மாதம் 259 யூரோ.

◆ பிறந்த பின் 12 வாரம் வரை மருத்துவச்சி வீட்டுக்கே வந்து பார்ப்பார், செலவு இன்சூரன்ஸுடையது. ஆனால் ஆள் கிடைப்பது கடினம். கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே தேடத் தொடங்குங்கள்.

◆ அங்கே பிறந்தாலே குடியுரிமை என்பதில்லை. பெற்றோரில் ஒருவர் 5 வருடம் சட்டப்படி அங்கே வசித்து, நிரந்தர வசிப்புரிமையும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு வசிப்பு அனுமதி கேட்டு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமைக்கு ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். எங்கள் பென்சில் தாளின் அடியில் தங்கை இந்த இரண்டு தேதிகளை மட்டும் சிவப்புப் பேனாவால் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள்.