ஜி.ஐ. தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவது எப்படி?

ஜி.ஐ. தகட்டில் அடித்த பெயின்ட் சில மாதங்களிலேயே தோல் தோலாக உரிந்தால், பலரும் பெயின்டைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி, அடியில் விட்டுப்போன எண்ணெய்.

முதலில் ஜி.ஐ., அதாவது கால்வனைஸ்டு அயர்ன் தகட்டைத் தெரிந்துகொள்வோம். சுமார் 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத்தில் இரும்புத் தகட்டை முக்கி எடுக்கிறார்கள். 120 கிராம் பூச்சு என்றால், இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு அவ்வளவு. ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம்தான். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் மாதிரி: பிசுக்கு போக வேண்டும், பூச்சு போகக் கூடாது. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தால் இரண்டுமே போய்விடும்.

இங்கே அந்தச் செங்கல் தூள், காஸ்டிக் சோடா. துத்தநாகம் அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். வெறும் இரும்பைக் கழுவும் காஸ்டிக் தொட்டியில் ஜி.ஐ. பாகத்தைப் போட்டால் குமிழ் குமிழாகக் கிளம்பும். அழுக்கு போகிறது என்று நினைப்போம். உண்மையில் பூச்சு கரைந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. இன்னொன்று: சமையல் எண்ணெய் காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாகிவிடும், தகட்டை வடிவமைக்கும் பிரஸ் இயந்திரத்தில் ஊற்றும் மினரல் ஆயில் ஆகாது.

அதனால் முதலில் வழியும் எண்ணெயைத் துணியால் துடையுங்கள். பிறகு பி.எச். 9 முதல் 11 வரையுள்ள, சோப்பு கலந்த மென்காரக் கரைசலில், 50, 60 டிகிரி சூட்டில் சில நிமிடம் முக்குங்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். இப்படித்தான் எண்ணெய் சிறு துளிகளாகக் கழன்று வரும்.

அடுத்து, இரண்டு தொட்டிகளில் அலசுங்கள். நம் தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அது தகட்டிலேயே காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும்.

இப்போது தகட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். நடுவில் பிளந்து, முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது, மறுபடி முக்குங்கள். கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

தேறிய தகட்டை வெறுங்கையால் தொடாதீர்கள். உடனே காற்றடித்து உலர்த்துங்கள். ஈரத்தோடு அடுக்கினால் வெண்துரு பூக்கும்.

கழிவுக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றவே வேண்டாம். ஏற்கெனவே நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் தருமபுரி. அதற்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எண்ணெயும் துத்தநாகமும் கலந்த தண்ணீரைச் சுத்திகரிப்புக்குத்தான் அனுப்ப வேண்டும்.